உங்கள் தளத்தைத் திறந்தால் வேறு கம்பெனி வருதா? அது ஹேக் இல்லை!

குண்டடத்தில் சின்னதாகப் பனியன் யூனிட் நடத்துபவர், வெளிநாட்டு பையருக்குத் தன் இணையதள முகவரியை அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். பையர் திறந்தால் வேறொரு கம்பெனியின் டி-ஷர்ட் படம் வருகிறது. "யாரோ ஹேக் பண்ணிட்டாங்க" என்று பதறுவது இயல்பு. ஆனால், பெரும்பாலும் கோளாறு சர்வர் அமைப்பில்தான் இருக்கும்.

சின்ன நிறுவனங்களுக்குத் தனி சர்வர் கட்டுப்படியாகாது. ஒரே சர்வர், ஒரே ஐபி முகவரி, உள்ளே பல தளங்கள். திருப்பூர் மாவட்ட நிர்வாகத்தின் தளம்கூட, தேசிய தகவலியல் மையத்தின் எஸ்3வாஸ் என்ற பொது மேடையில்தான் ஓடுகிறது. பகிர்வது தப்பே இல்லை.

இதை லைன் வீடு மாதிரி நினைத்துக்கொள்ளலாம். கதவு எண் ஒன்றுதான்; கூரியர்காரர் பெயர் சொல்லிக் கேட்டால்தான் சரியான வீடு தெரியும். பிரவுசரும் ஒவ்வொரு முறையும் 'ஹோஸ்ட்' என்ற வரியில் தளத்தின் பெயரைச் சொல்கிறது. 1997-ல் வந்த எச்டிடிபி 1.1 இதைக் கட்டாயமாக்கியது.

சரி, சொன்ன பெயர் எந்த வீட்டுக்கும் பொருந்தாவிட்டால்? முதல் வீட்டில் போட்டுவிட்டுப் போய்விடும்! அப்பாச்சி, என்ஜின்எக்ஸ் இரண்டுமே தனியாகச் சொல்லாவிட்டால் இப்படித்தான். உபுண்டுவில் அப்பாச்சி, அமைப்புக் கோப்புகளை அகர வரிசையில் படிக்கும். ஆக, 'ஏ'-வில் பெயர் தொடங்கும் கம்பெனிக்கு ஊர் பார்சல் எல்லாம் வந்து சேரும்.

பெயர் ஏன் பொருந்தாமல் போகிறது? 'டபிள்யூ டபிள்யூ டபிள்யூ' சேர்த்த முகவரியைக் கோப்பில் எழுத மறந்திருப்பார்கள். இல்லையென்றால் எச்டிடிபிஎஸ்-க்கான 443 போர்ட்டில் ஒரு தளத்தை மட்டும் அமைத்துவிட்டு, மற்றதை விட்டிருப்பார்கள். அப்போது அடுத்தவர் சான்றிதழ் வந்து, 'பாதுகாப்பற்றது' என்று பிரவுசர் மிரட்டும். லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழை இலவசமாகவே தரும்போது இதற்குச் சாக்கு கிடையாது. கோப்பைத் திருத்திவிட்டு சர்வரை ரீலோடு பண்ணாமல் விடும் கூத்தும் உண்டு.

அப்பாச்சிசிடிஎல் கட்டளையோடு பெரிய 'எஸ்' சேர்த்து ஓட்டினால், எந்தப் பெயர் எந்தக் கோப்புக்குப் போகிறது, முதல் வீடு யாருடையது என்று பட்டியலே வந்துவிடும்.

வாடிக்கையாளர் ஒருவரின் தளத்தை முதல் வீடாக விட்டுவைப்பது ஹோஸ்டிங் நடத்துபவரின் அலட்சியம்தான். அங்கே ஒரு வெற்றுப் பக்கத்தை வைப்பது அஞ்சு நிமிஷ வேலை. வருஷா வருஷம் பணம் கட்டும் யூனிட்காரர், அடுத்த முறை ரினியூவல் பண்ணும்போது இதைக் கேட்டே வாங்கலாம்.