சொட்டினால் சொட்டட்டும்!



நம் மெக்கானிக்கல் வகுப்பில் யாரை எழுப்பிக் கேட்டாலும் பாய்லர் மவுண்டிங்ஸை மூச்சு விடாமல் ஒப்பிப்பார்கள். சேஃப்டி வால்வு, பிரஷர் கேஜ், பியூசிபிள் பிளக்... படம் போட்டு, அம்புக்குறி போட்டு, மார்க்கும் வாங்கிவிடுகிறோம். ஆனால் பாத்ரூம் சுவரில் தொங்குகிற கெய்சர் அந்த பாய்லருக்குத் தம்பி முறை என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தோன்றியிருக்கிறது? எனக்கும் தோன்றவில்லை. போன மார்கழியில்தான் தோன்றியது.

எங்கப்பா பிளம்பர். தேங்காய்த்திட்டில் பல வீட்டுக் குழாய்கள் அவர் கை பட்டவை. லீவு நாளில் நானும் பைப் ரென்ச்சைத் தூக்கிக்கொண்டு கூடப் போவேன். டவுனில் ஒரு தங்கும் விடுதி. புதிதாக நான்கு கெய்சர் மாட்டியிருந்தார்கள். நான்கிலும் அடியில் இருக்கும் வால்வு சொட்டிக்கொண்டே இருந்தது. "சுவரெல்லாம் ஊறுது, அடைச்சிட்டுப் போப்பா" என்றார் ஓனர். அப்பா அரை இஞ்சு பிளக்கை எடுத்து டெஃப்லான் டேப் சுற்ற ஆரம்பித்தார்.

"வேணாம்ப்பா" என்றேன்.

"நீ சும்மா இரு. நான் எத்தனை வீட்ல அடைச்சிருக்கேன்!"

அந்தச் சொட்டு எங்கிருந்து வருகிறது? சூடானால் தண்ணீர் பெருகும். 25 லிட்டர் கெய்சரில் தண்ணீர் 25 டிகிரியிலிருந்து 65 டிகிரிக்கு ஏறினால், ஏறத்தாழ 400 மில்லி கூடுதலாகிறது. பழைய வீடுகளில் அது வந்த வழியே மேல்தொட்டிக்குத் திரும்பிவிடும். இப்போது கெய்சரின் பச்சைத்தண்ணீர் வாயில் மாட்டும் வால்வுக்குள்ளேயே நான் ரிட்டர்ன் வால்வும் இருக்கிறது. திரும்பிப் போக வழியில்லை. தண்ணீரை அமுக்கிச் சுருக்கவும் முடியாது. அழுத்தம் ஏறுகிறது. பல கெய்சர்களில் 8 பார் வந்ததும் வால்வு திறந்து, கொஞ்சம் தண்ணீரை வெளியே விடும். அதாவது அந்தச் சொட்டு பழுதே இல்லை. வால்வு வேலை செய்கிறது என்பதற்கு அதுதான் சாட்சி.

அதை அடைத்துவிட்டு, தெர்மோஸ்டாட்டும் கட்அவுட்டும் ஒருநாள் ஒட்டிக்கொண்டால் என்ன ஆகும்? காயில் அணையாது. 8 பார் அழுத்தத்தில் தண்ணீர் 170 டிகிரியைத் தாண்டினாலொழியக் கொதிக்காது. அப்போது தொட்டி கிழிந்தால், உள்ளே இருப்பதில் ஒரு பங்கு கணநேரத்தில் ஆவியாகும். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் 1600 லிட்டருக்கு மேல் இடம் கேட்கும். அது கெய்சர் இல்லை, குண்டு. 1982 ஜனவரி 19 அன்று அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் ஸ்டார் தொடக்கப் பள்ளியின் வாட்டர் ஹீட்டர் இப்படித்தான் வெடித்தது. ஆறு குழந்தைகளும் ஓர் ஆசிரியையும் இறந்தார்கள்.

சின்னத் தொட்டிதானே என்றும் விட முடியாது. வெளிநாட்டில் வீட்டையே டிரெய்லராக்கி காருக்குப் பின்னால் இழுத்துப் போகிறார்களே, அந்த வண்டியிலும் 22 லிட்டர் அளவில் ஹீட்டர் உண்டு. அதன் வால்வு 99 டிகிரியிலோ சுமார் 10 பாரிலோ திறக்கும். தொட்டியின் தலைப்பகுதியில் நிற்கும் காற்றுதான் அங்கே மெத்தை. பெருகும் தண்ணீருக்கு அது இடம் கொடுக்கும். நாளாவட்டத்தில் அந்தக் காற்று தண்ணீரில் கரைந்துபோனால் வால்வு சொட்டத் தொடங்கும். வைத்தியம் அடைப்பது அல்ல. ஹீட்டரை அணைத்து ஆறவிட்டு, பச்சைத்தண்ணீரை மூடி, வெந்நீர்க் குழாயைத் திறந்து, வால்வின் லிவரைத் தூக்கி, தண்ணீர் நிற்கும்வரை வடியவிட்டால் காற்று மீண்டும் உள்ளே வந்துவிடும். கேரளா 2021-லேயே கேரவன் சுற்றுலாவைத் தொடங்கிவிட்டது. நாளைக்கு அந்த வண்டிகள் நம் ஒர்க்‌ஷாப்புக்கும் வரலாம்.

சரி, விடுதிக்கு வருவோம். எங்கப்பாவிடம் பார், டிகிரி கணக்கெல்லாம் நான் பேசவில்லை. "வீட்ல குக்கர் வெயிட்டை அமுக்கிப் பிடிச்சிக்கிட்டு நிப்பியாப்பா?" என்று மட்டும் கேட்டேன். டேப் சுற்றிய கை நின்றது. கொஞ்ச நேரம் வால்வையே பார்த்தார். பிறகு கடைக்குப் போய் பைப் வாங்கி வந்தார். வால்வின் வாயிலிருந்து கீழ்நோக்கிச் சரிவாக இறக்கி, தரைச் சாக்கடைத் துளைக்குச் சற்று மேலே, வாய் திறந்தபடி விட்டோம். சுவர் காய்ந்துவிட்டது. பைப் காசை ஓனர் தரவில்லை. அப்பாவின் கூலியில்தான் கழிந்தது.

ஆகவே நண்பர்களே, மாற்றி அமைக்கலாம், அடைக்கத்தான் கூடாது. வடிகுழாய் போடுங்கள், அதில் டேப் வைக்காதீர்கள். கெய்சருக்கும் வால்வுக்கும் நடுவில் கேட் வால்வு வைக்காதீர்கள். சூடாகும்போது மட்டும் சொட்டினால் இயல்பு. அணைத்து ஆறிய பிறகும் சொட்டினால், மண்ணோ உப்போ மாட்டியிருக்கும், இல்லை பம்ப்பின் அழுத்தம் அதிகம். லிவரை ஓரிரு முறை தூக்கிக் கழுவிப் பாருங்கள்; நிற்காவிட்டால் அதே அழுத்த அளவுள்ள புது வால்வு போடுங்கள். எங்கள் தெரு மாதிரி உப்புத் தண்ணீர் ஏரியாவில் வருஷம் ஒருமுறை மெக்னீசியம் ராடையும் பாருங்கள். தொட்டிக்குப் பதிலாகத் தான் அரித்துப்போவதுதான் அதன் வேலை. மொட்டை மாடி சோலார் ஹீட்டரில் மேலே நீட்டிக்கொண்டிருக்கும் காற்றுக் குழாயையும் மூடிவிடாதீர்கள்.

இதெல்லாம் பெரிய வித்தை இல்லை. ஆனால் நம் படிப்பு விடைத்தாளோடு நின்றுவிடுகிறது. கைத்தொழில் தெரிந்தவர்களிடம் அது போய்ச் சேருவதில்லை. எங்கப்பாவுக்கு யாரும் சொல்லித் தரவில்லை, அவர் அடைத்தார். எனக்குச் சொல்லித் தந்தார்கள், நான் பரீட்சையில் எழுதிவிட்டு மறந்தேன். இதில் யார் குற்றம் பெரிது? என்னுடையதுதான் என்று நினைக்கிறேன்.

அன்று ராத்திரி அப்பா சாப்பிடும்போது, "இதுவரைக்கும் எத்தனை வீட்ல அடைச்சேன்னு நெனச்சா சோறு எறங்கலடா" என்றார். மறுநாள் ஒரு நோட்டில் ஞாபகம் வந்த வீடுகளையெல்லாம் எழுதச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு பேரும் போய், காசு வாங்காமல் பிளக்கைக் கழற்றிவிட்டு வருகிறோம். ஒன்பது வீடு முடிந்தது. பதினான்கு பாக்கி.

நம் மாணவர் பேரவைக்கு ஒரு வேண்டுகோள். வரும் ஆண்டில் ஒரே ஒரு ஞாயிறு, ஆளுக்கு ஒரு தெரு எடுத்துக்கொள்வோம். கெய்சரின் அடியில் குனிந்து பார்ப்போம். சொட்டினால் சந்தோஷப்படுவோம். சொட்டாதபடி யாராவது அடைத்திருந்தால், அங்கேதான் நம் டிப்ளமோவுக்கு வேலை இருக்கிறது.