எண் இருந்தால் பேர் கிடைக்கும்

2015 ஜூன் மாதம் நம்மில் பலருக்கு நினைவிருக்கும். கடலோரக் காவல்படையின் டோர்னியர் விமானம் ஒன்று 8ஆம் தேதி இரவு மூன்று பேருடன் காணாமல் போனது. ஒரு மாதத்துக்கும் மேலாகக் கப்பல்கள் தேடின, நீர்மூழ்கிக் கப்பலும் தேடியது. கடைசியில் நம் பிச்சாவரத்துக்கு அப்பால், கடலில் ஏறக்குறைய 1000 மீட்டர் ஆழத்தில் கிடைத்தது.

சில்வர் பீச்சில் காலை நடைக்கு வரும் எங்கள் கூட்டத்தில் அப்போதெல்லாம் இதே பேச்சுதான். "இனிமே கிடைச்சு என்ன சார் ஆவப் போவுது? உயிரா திரும்பி வரப் போவுது?" என்று ஒரு நண்பர் கேட்டார். அன்று எனக்குச் சட்டென்று பதில் சொல்ல வரவில்லை. அருணாசலப் பிரதேசத்தில் கிடைத்த பழைய குண்டுவீச்சு விமானம் ஒன்றைப் பற்றிப் பிறகு படித்தபோதுதான் பதில் கிடைத்தது.

இரண்டாம் உலகப் போரில் பர்மாவை ஜப்பான் பிடித்ததும், சீனாவுக்குப் போகும் சாலை அடைபட்டது. அசாமிலிருந்து இமயமலையைத் தாண்டி விமானத்தில்தான் எல்லாம் போக வேண்டும். அந்தப் பாதைக்கு விமானிகள் வைத்த பெயர் 'ஹம்ப்'. திமில் என்று பொருள். போர் முடிவதற்குள் அதில் சுமார் 600 விமானங்கள் அழிந்தன.

அவற்றில் ஒன்று பி-24 லிபரேட்டர் ரகம், நான்கு என்ஜின் கொண்டது. 'ஹாட் ஆஸ் ஹெல்' என்று வீரர்கள் அதற்குச் செல்லப் பெயர் வைத்திருந்தார்கள். 1944 ஜனவரி 25ஆம் தேதி சீனாவின் குன்மிங்கிலிருந்து அசாமின் சபுவாவுக்கு எட்டுப் பேருடன் கிளம்பியது. அன்று குண்டு போடும் வேலை இல்லை. சரக்கு ஏற்றிக்கொண்டு திரும்ப வேண்டியதுதான். வானிலை மோசம். விமானம் வந்து சேரவில்லை.

அறுபது வருடம் ஓடிவிட்டது. 2006இல் கிளேட்டன் கூல்ஸ் என்ற அமெரிக்கர் மேல் சியாங் மாவட்டத்தின் டம்ரோ பக்கம் மலையேறிப் போய் அதைக் கண்டார். ராணுவ அதிகாரி அல்ல அவர். சொந்த ஆர்வத்தில், உள்ளூர் வேட்டைக்காரர்களை வழிகாட்டியாக வைத்துக்கொண்டு இப்படிப் பல விமானங்களைத் தேடியவர்.

நொறுங்கிக் கிடக்கும் தகரத்தைப் பார்த்து இது இந்த விமானம்தான் என்று எப்படிச் சொல்ல முடியும்? எண்தான் சொல்லும். ஒவ்வொரு விமானத்துக்கும் வரிசை எண் உண்டு. என்ஜினுக்குத் தனி எண், இயந்திரத் துப்பாக்கிக்குத் தனி எண். 1943 முதல், அமெரிக்க விமானம் ஒன்று காணாமல் போனால் ஓர் அறிக்கை எழுதி வைப்பார்கள். எங்கே கிளம்பியது, யார் யார் இருந்தார்கள், வீட்டில் யாருக்குச் சொல்ல வேண்டும், என்ஜின் எண் என்ன என்பதெல்லாம் அதில் இருக்கும். மலையில் கிடைக்கும் எண்ணைக் காகிதத்தில் இருக்கும் எண்ணோடு சேர்த்துப் பார்த்தால் பெயர்கள் வந்துவிடும்.

விமானம் தெரிந்த பிறகும் வேலை சுலபமாக முடியவில்லை. தோண்டி எடுக்கும் பணி சில ஆண்டுகள் நின்றுபோனது. குடும்பத்தினர் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 2015இல் தோண்டினார்கள். 2016 ஏப்ரலில் டெல்லியில் ராணுவ மரியாதையோடு எச்சங்கள் விமானமேறின. எட்டுப் பேரில் ஒருவரான லெப்டினன்ட் ராபர்ட் ஆக்ஸ்ஃபோர்ட் அடையாளம் காணப்பட்டு, 2017 ஜூனில் ஜார்ஜியா மாநிலத்தில் தன் சொந்த ஊரான கன்கார்டில் அடக்கமானார். 73 வருடம் கழித்து வீடு திரும்பியிருக்கிறார்.

"பணம் இருக்கிற நாடு, செய்யுது" என்று சொல்லலாம். நான் அப்படி நினைக்கவில்லை. பணம் பின்னால் வந்தது. முதலில் யாரோ ஒரு குமாஸ்தா எட்டுப் பேரின் பெயரை ஒழுங்காக எழுதி வைத்தார். அந்தக் காகிதம் இல்லையென்றால் எத்தனை கோடி கொட்டினாலும் அது வெறும் தகரம்தான்.

இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் எங்கள் வீட்டில் இருக்கிறது. என் பாட்டியின் தம்பி, புவனகிரிப் பக்கத்துக்காரர், நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பல் ஏறி மலாயா ரப்பர் தோட்டத்துக்குப் போனார். 1941இல் வந்த கடிதமே கடைசி. ஜப்பான்காரன் சயாம் ரயில் போடப் பிடித்துக்கொண்டு போய்விட்டான் என்று, போருக்குப் பின் ஊர் திரும்பிய ஒருவர் சொன்னார். அவ்வளவுதான் தகவல். செத்த நாள் தெரியாததால் திதி கொடுக்கவில்லை. அவர் மனைவி கடைசி வரை பொட்டை அழிக்கவும் இல்லை. "பாத்தவங்க யாரு?" என்று கேட்பார். அதற்கு எங்களில் யாரிடமும் பதில் இல்லை.

அந்த ரயில் பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. 415 கிலோமீட்டர். அதில் மாண்ட வெள்ளைக்காரக் கைதிகளுக்குத் தாய்லாந்தின் காஞ்சனபுரியில் வரிசை வரிசையாகக் கல்லறைகள், பெயரோடு இருக்கின்றன. ராணுவம் அவர்களுக்கு எண் கொடுத்திருந்தது, பதிவேடு வைத்திருந்தது. அங்கே பல்லாயிரக்கணக்கில் செத்த ஆசியத் தொழிலாளர்களில் நம் தமிழர்கள் ஏராளம். கூலி ஆட்களுக்கு அப்படி ஒரு பதிவேடு வைத்தவர் யாரும் இல்லை.

மலாயாவில் எழுதாததை இங்கே எழுதலாம் என்பதுதான் என் கருத்து. தென்னாற்காட்டிலிருந்து மலாயா போனவர்கள் கொஞ்சநஞ்சமல்ல. சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது, அதில் வரலாற்றுத் துறை இருக்கிறது. மாணவர்களை ஊர் ஊராக அனுப்பி, மலாயாவுக்குப் போய்த் திரும்பாதவர்களின் பெயர், ஊர், கப்பல் ஏறிய வருடம், கடைசிக் கடிதம் வந்த தேதி இவற்றைத் திரட்டச் சொல்லலாம். இதற்குக் கோடிகள் வேண்டாம். நம் வயதுக்காரர்கள் இருக்கும்போதே செய்ய வேண்டும். நமக்கடுத்த தலைமுறைக்கு அந்தப் பெயர்கள்கூடத் தெரியாது.

அதுவரை காத்திருக்காமல், உங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் மலாயாத் தபால்தலை ஒட்டிய பழைய கடிதம் ஏதாவது இருந்தால் எடுத்துப் பாருங்கள். தோட்டத்தின் பெயர் இருக்கிறதா, தேதி இருக்கிறதா என்று பார்த்து ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். நான் போன வாரம் எழுதி வைத்தேன். இரண்டே வரிதான் வந்தது. ஆனாலும் எங்கள் தாத்தாவின் பெயர் இப்போது ஒரு காகிதத்தில் இருக்கிறது.