புதிய நகரமா, புதிய சேரியா?

சென்னை இனி தாங்காது என்று மறுபடியும் திட்டம் போடுகிறார்கள். 1,189 சதுர கிலோமீட்டராக இருந்த பெருநகர எல்லை 2022இல் 5,904 ஆக்கப்பட்டது. மீஞ்சூர், திருமழிசை, திருவள்ளூர் என்று புதுநகரப் பட்டியல் நீள்கிறது. கும்மிடிப்பூண்டிக்கு இது பழைய கதை. எழுபதுகளின் பெருநகரத் திட்டத்திலேயே மறைமலை நகர், திருவள்ளூரோடு கும்மிடிப்பூண்டியும் துணைநகரம் என்று எழுதப்பட்டது. சிப்காட் வந்தது. புகை வந்தது. நகரம் வந்ததா? ஊர் ஊராகவும் சேரி சேரியாகவும் இருக்க, கம்பெனி மதில்தான் எழும்பியது.

பெருகும் மக்களுக்கு வீடு வேண்டும். இதை நாம் மறுக்கவில்லை. 1947இல் எழுதிய 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' அறிக்கையில், அரசு தரிசு நிலங்களில் தாழ்த்தப்பட்டோருக்குத் தனிக் குடியிருப்புகள் அமைக்கக் குடியேற்ற ஆணையம் வேண்டும் என்று கேட்டவர் அம்பேத்கர். புதுக்குடியிருப்பு நம்ம கோரிக்கை. அதிகாரிங்க கண்டுபுடிச்சதில்ல. நம் கேள்வி இதுதான்: யார் மண்ணில்? யாருக்காக?

செங்கற்பட்டு கலெக்டர் டிரெமென்ஹீர் கொடுத்த அறிக்கையின் விளைவாக, 1892இல் வெள்ளை அரசு நம் மக்களுக்கு நிலம் ஒதுக்க ஆணையிட்டது. பஞ்சமி நிலம். பிற சாதியார் வாங்கினால் செல்லாது என்ற நிபந்தனையோடு வந்த நிலம். இன்றைய பொன்னேரி, கும்மிடிப்பூண்டிப் பகுதிகள் அன்று அந்த மாவட்டத்துக்குள்தான் இருந்தன. அந்த நிலங்கள் எங்கே? இதே கேள்வியைக் காரணை மண்ணை முன்வைத்துக் கேட்டதற்கு, 1994 அக்டோபர் 10 அன்று செங்கற்பட்டில் துப்பாக்கிதான் பதில் சொன்னது. ஜான் தாமசும் ஏழுமலையும் மாண்டார்கள்.

நிலம் எடுக்கும்போது பட்டாதாரருக்குப் பணம். அதே நிலத்தில் நாற்று நட்ட கூலிக்கு? பாதிக்கப்பட்ட குடும்பம் என்ற கணக்கில் நிலமற்ற விவசாயக் கூலியையும் 2013ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் சேர்க்கிறது. சிப்காட்டுக்கு நிலம் எடுப்பதோ 1997ஆம் ஆண்டு மாநிலச் சட்டத்தின் வழியில்.

நமக்கென்று அரசு கட்டிய 'புதுநகரம்' எப்படி இருக்கும் என்பதையும் பார்த்துவிட்டோம். சென்னையின் ஆற்றோரக் குடிசைகளை இடித்து, 2000க்குப் பின் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் ஏற்றி அனுப்பினார்கள். வேலை ஒரு பக்கம், வீடு ஒரு பக்கம். ஊருக்கு வெளியே வச்சவங்க, இப்ப நகரத்துக்கு வெளியே வச்சிட்டாங்க. மாடி வைத்துக் கட்டினால் சேரி நகரமாகிவிடுமா?

தோழர்களே, நகர வரைபடத்தை விரிக்கும் முன் அ-பதிவேட்டை விரிக்கச் சொல்வோம். பஞ்சமி நிலப் பட்டியலைக் கிராமவாரியாக வெளியிடு! அதில் ஒரு சென்ட்கூட மனைப்பிரிவுக்குப் போகக் கூடாது! கூலிக்கும் இழப்பீடு கொடு! வீட்டைப் பட்டாவோடு நகரத்தின் நடுவில் கொடு, ஓரத்தில் அல்ல!

மாணவர்கள் விடுமுறையில் ஆளுக்கொரு கிராமம் எடுங்கள். தாலுகா ஆபீசில் தகவல் உரிமை மனு போடுங்கள். சர்வே எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு பேசுவோம். மனை விற்பவன் கல் நட்ட பிறகு போனா, நமக்குக் கல்லுதான் மிஞ்சும்.