ஆர்எக்ஸ் 100: வண்டிக்கு விலையா, ஸ்டிக்கருக்கு விலையா?

பழவேற்காட்டில் மடவை மீன் வாங்க வருகிறவரை அவ்வளவு சுலபமாக ஏமாற்ற முடியாது. செவுளைத் தூக்கிப் பார்ப்பார். கண் குழி விழுந்திருக்கிறதா என்று பார்ப்பார். விரலால் அமுக்கிப் பார்ப்பார். சந்தேகம் வந்தால் பத்து ரூபாய்க்கும் மல்லுக்கட்டுவார். அதே ஊர்ப் பையன் பழைய யமஹா ஆர்எக்ஸ் 100 வாங்கப் போனால்? டேங்க் பளபளப்பைப் பார்த்து, சைலன்சர் சத்தத்தைக் கேட்டு, லட்ச ரூபாயை எடுத்து நீட்டுகிறான். என்ன கொடுமை இது!

ஆர்எக்ஸ் 100 நல்ல வண்டிதான், அதில் சண்டையே இல்லை. 98 சிசி, டூ ஸ்ட்ரோக், 11 குதிரைத்திறன். எடை குறைவு என்பதால் அந்தச் சின்ன எஞ்சினே பறக்க வைக்கும். ஆனால் இந்தியாவில் அது தயாரானது 1985 முதல் 1996 வரை மட்டுமே. அதன்பிறகு அதே குடும்பத்தில் ஆர்எக்ஸ் 135 வந்தது. புரோக்கர்களின் விளையாட்டு இங்கேதான் ஆரம்பம். 135-க்குப் பழைய டேங்க், சைடு கவர், ஸ்டிக்கர் மாட்டினால் "ஒரிஜினல் 100" ரெடி!

இது நம்மூர்க் கண்டுபிடிப்பு இல்லை. அமெரிக்காவில் 1964-ல் வந்த போன்டியாக் ஜிடிஓ தனிக் கார் கூட இல்லை, டெம்பெஸ்ட் லெமான்ஸ் காரில் கூடுதல் பணம் கட்டி வாங்கும் ஆப்ஷன். அதனால் சாதாரண லெமான்ஸில் பேட்ஜ் மாட்டி ஜிடிஓ என்று விற்பது சுலபம். அங்கே விவரம் தெரிந்தவர்கள் பெயின்ட்டைப் பார்த்து விலை சொல்வதில்லை. எண்களையும் காகிதங்களையும் பார்த்துத்தான் சொல்கிறார்கள்.

இங்கே எண் பார்க்க இன்னொரு காரணமும் உண்டு: உப்புக் காற்று. லைட்ஹவுஸ் குப்பம் மாதிரி ஊரில் ஐஸ் தண்ணீர் சொட்டச் சொட்ட மீன் பெட்டி சுமந்த வண்டியின் சேஸிஸை முதலில் தின்பது துருதான். அதன்மேல் பட்டி வைத்துப் பெயின்ட் அடித்தால் ஷோரூம் வண்டி மாதிரி நிற்கும். சேஸிஸையே மாற்றி எண்ணைத் திரும்பக் குத்தியிருந்தாலோ, அது திருட்டு வண்டியாக இருந்தாலோ, போலீஸ் பிடிக்கும்போது மாட்டுவது வாங்கியவன்தான். வண்டி போய்விடும். அதற்காக அடகு வைத்த அம்மாவின் நகைக்கு வட்டி மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்.

"வின்டேஜ் வண்டி, விலை ஏறிக்கொண்டே போகும்" என்பது அடுத்த புருடா. 2021-ல் வந்த மத்திய அரசு விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு ஆன, சேஸிஸ், எஞ்சினில் மாற்றம் செய்யாத வண்டிதான் வின்டேஜ். 1985-ல் பதிவான முதல் ஆர்எக்ஸ் 100-க்கே அந்தத் தகுதி 2035-ல்தான் வரும். ஸ்டிக்கர் மாற்றிய 135-க்கு? அதற்கு முன் நிச்சயமாக இல்லை!

"ஆசைக்கு விலை உண்டா?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். மெக்கானிக் உழைத்து அழகாக்கிய ரெப்ளிகாவை ரெப்ளிகா என்று சொல்லி விற்றால் அந்த உழைப்புக்குத் தாராளமாகக் கூலி கொடுக்கலாம். பொய்க்கு எதற்குக் கூலி?

வாங்குகிறவன் முதலில் பார்க்க வேண்டியது, ஆர்சி புக்கில் உள்ள எஞ்சின், சேஸிஸ் எண்கள் வண்டியில் குத்தியிருப்பதோடு பொருந்துகிறதா என்பது. அடுத்து, 15 ஆண்டு முடிந்தபின் 5 ஆண்டுக்கு ஒருமுறை செய்ய வேண்டிய பதிவுப் புதுப்பிப்பு. பிறகு சேஸிஸ் துரு, அப்புறம் எஞ்சின். பெயின்ட் கடைசி. பசங்க இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள், புரோக்கர் பிழைக்கிறார்.

எண்ணைப் பார்க்க விடாமல் "சத்தத்தைக் கேளு தம்பி" என்று ஆக்சிலேட்டரை முறுக்குகிறவர் வண்டி விற்கவில்லை. ஸ்டிக்கர் விற்கிறார். அதற்கு ஸ்டிக்கர் விலை போதும்.