விடுதிக்கும் படித்த ஆள் வேண்டும்

வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறந்த சிப்காட் தொழிலாளர் விடுதியில் 18,720 பேர் தங்கலாம். ஒரு சிறு நகரமே அது. நைட் ஷிப்ட் முடிந்து விடியலில் பஸ்ஸை விட்டு இறங்கும் பெண்ணுக்குச் சூடான சாப்பாடு வேண்டும். காய்ச்சலென்றால் கவனிக்கத் தெரிந்த ஆள் வேண்டும்.

2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் விடுதி உணவால் நோயுற்று நூறு பெண்களுக்கு மேல் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். சக தொழிலாளர்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்து போராடினார்கள்.

500 பேரைத் தாண்டிய ஆலையில் செவிலியருடன் ஆம்புலன்ஸ் அறை, 250 பேரைத் தாண்டினால் கேண்டீன் என்று 1948-இன் தொழிற்சாலைகள் சட்டமே சொன்னது. ஆனால் இந்த வேலைகளுக்கான டிப்ளமாவை நம் வீடுகளில் இன்னும் இரண்டாம்பட்சமாகவே பார்க்கிறோம். 71 அரசு ஐ.டி.ஐ.களை டாடா டெக்னாலஜிஸுடன் சேர்ந்து மேம்படுத்தியது அரசு; அங்கே ரோபோ வந்தது நல்லதே. அதே அக்கறை கேட்டரிங், ஆபீஸ் நிர்வாகம், செவிலியர் பயிற்சிக்கும் வரவேண்டும்.

பெற்றோரும் விசாரித்துச் சேர்க்க வேண்டும். செவிலியர் டிப்ளமா மூன்று வருடப் படிப்பு. மாடி அறையில் ஆறே மாதத்தில் தரும் சான்றிதழை வைத்து நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்ய முடியாது.