மாநாடு போதும், களம் வேண்டும்

பிரெஞ்சு மொழி வழங்கும் நாடுகளுக்கென்று ஒரு விளையாட்டு விழா உண்டு. 1987இல் கியூபெக்கில் கூடிய அந்நாடுகளின் உச்சி மாநாடு அதற்கு வித்திட்டது. 1989இல் மொராக்கோவில் முதல் விழா நடந்தது. ஒன்பதாவது விழா 2023இல் கின்ஷாசாவில் நடந்தேறியது. ஓட்டமும் மல்யுத்தமும் கால்பந்தும் மட்டுமல்ல, இலக்கியமும் கதைசொல்லலும் பாட்டும் ஓவியமும் அங்கே போட்டிகள். ஓடி வென்றவருக்கு அளிக்கும் அதே பொன், வெள்ளி, வெண்கலப் பதக்கங்கள் எழுதி வென்றவருக்கும் உண்டு.

இதைச் சொன்னதும் நம் இலக்கிய அன்பர்கள் முகஞ்சுளிப்பார்கள். கவிதை என்ன குதிரைப் பந்தயமா என்பார்கள். ஒலிம்பிக்கிலேயே 1912 முதல் 1948 வரை இலக்கியத்துக்குப் பதக்கம் வழங்கப்பட்டது என்பதை அவர்களுக்கு நினைவூட்டுவோம். புலவர்கள் அவையேறிப் பாடிப் பரிசில் பெற்ற மரபில் வந்த நமக்குப் போட்டி என்ற சொல் எப்போது தீட்டாயிற்று?

இன்னொரு மறுப்பு வலுவானது. அது ஆண்டவரின் மொழி. அடிமைப்பட்டவர்கள் அதைக் கொண்டாடலாமா? அல்ஜீரியா இன்றுவரை அந்த அமைப்பில் உறுப்பினராகவில்லை. அந்த மானவுணர்வை மதிக்கிறோம். பிரெஞ்சுப் படை 1750இல் பிடித்து 1761 வரை வைத்திருந்த செஞ்சிக் கோட்டைக்கு அருகே, அனந்தபுரத்தில் வாழும் நமக்கு அந்த வரலாறு ஏட்டுச் செய்தியன்று. ஆயினும், படையால் பரவிய மொழி தன் இளைஞரைக் களத்தில் கூட்டுகிறது. வணிகத்தாலும் புலம்பெயர்வாலும், தோட்டக் கூலிகளின் கண்ணீராலும் பரவிய நம் மொழி என்ன செய்கிறது?

மாநாடு நடத்துகிறது. 1966இல் கோலாலம்பூரில் தொடங்கி, 1968இல் சென்னை, 1970இல் பாரிஸ் என்று வளர்ந்த உலகத் தமிழ் மாநாடுகள் ஆய்வுக்குச் செய்த தொண்டை மறுக்கவில்லை. ஆனால் அங்கே இருபது வயது இளைஞனுக்குரிய இடம் எது? பார்வையாளர் வரிசைதானே!

மொரீஷியஸைப் பாருங்கள். முதல் பிரெஞ்சு மொழி விளையாட்டு விழா நடந்த அதே 1989இல்தான் அத்தீவில் ஏழாவது உலகத் தமிழ் மாநாடு கூடியது. அங்குள்ள தமிழரின் அன்றாடப் பேச்சு கிரியோல். எழுத விழையும் ஒரு தமிழ் இளைஞனுக்குப் பிரெஞ்சு பன்னாட்டு மேடையைத் தருகிறது. தாத்தாவின் மொழியோ பொன்னாடை போர்த்திய சொற்பொழிவைத் தருகிறது. அவன் எதைக் கற்பான்?

ஆகவே நாம் கோருவது இது. தமிழ் ஆட்சிமொழியாக உள்ள இலங்கை, சிங்கப்பூர், தமிழர் திரண்டு வாழும் மலேசியா, மொரீஷியஸ், புலம்பெயர் நாடுகள் எல்லாவற்றிலிருந்தும் முப்பத்தைந்து வயதுக்குட்பட்டோர் கூடட்டும். சடுகுடுவும் சிலம்பமும் நடக்கும் அதே வளாகத்தில் சிறுகதைக்கும் கவிதைக்கும் களம் அமையட்டும். நடுவராக எழுத்தாளர்கள் அமரட்டும். அமைச்சர்கள் பார்வையாளராக இருக்கட்டும்.

இடம் தேடி அலைய வேண்டியதில்லை. இரு மொழிகளையும் அறிந்த புதுச்சேரி இருக்கிறது. இந்தியா உறுப்பு நாடாக இல்லாததால் பிரெஞ்சு விழாவில் அதன் இளைஞருக்கு இடமில்லை. தமிழ் விழாவை அங்கே தொடங்க யார் தடை?