32-ஆ, 74-ஆ?

ஃபர்ஸ்ட் இயர் ஃபிசிக்ஸ் லேப்ல ஸ்பெக்ட்ரோமீட்டரோட மல்லுக்கட்டினீங்களே, அதுல இருந்த கொலிமேட்டர் ஞாபகமிருக்கா பாஸ்? அதே டெக்னிக்தான் 1940-ல பிரிட்டனின் ஸ்பிட்ஃபயர் போர் விமானத்துலயும்! பல்பு, லென்ஸ், சாய்ந்த கண்ணாடி... பைலட் கண்ணெதிரே வானத்துல ஒளி வளையம் மிதக்கும்.

கிளாஸ்கோ ‘பார் அண்ட் ஸ்ட்ரௌட்’ கம்பெனி செஞ்ச இந்த ‘கன்சைட்’களைத் தேடிப்பிடிச்சு சேர்க்கிறவங்க இருக்காங்க. இதுல ரெண்டு டயல். ஒண்ணு தூரத்துக்கு, கெஜக் கணக்குல. இன்னொண்ணு எதிரி விமானத்தோட இறக்கை அகலத்துக்கு, அடிக் கணக்குல. மெஸ்ஸர்ஷ்மிட் 109-ன்னா 32; உள்ளே ஒருத்தர். ஹைங்கெல் 111-ன்னா 74, அஞ்சு பேர். வளையத்து நடுக்கோட்டின் இடைவெளியில இறக்கை கச்சிதமா பொருந்தினா, சுட வேண்டியதுதான்.

கையில கிடைச்சதும் பாலிஷ் போடத்தான் தோணும். நானா இருந்தா, டயலைத் திருகறதுக்கு முன்னாடி அது எந்த நம்பர்ல நிக்குதுன்னு குறிச்சுவெப்பேன். கோடவுன்லயே தூங்கின பீஸாக்கூட இருக்கலாம்... இருந்தாலும்!